வற்றிய நேரத்துத் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதக் காலையில், எண்ணூர் உப்பங்கழியின் நடுவே நடந்தது இது.

நான் தண்டையார்பேட்டைக்காரி. வடசென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் செய்த கிண்டலையும் மீறி, பகுதி நேர ஆராய்ச்சியில் சேர்ந்தேன். என் ஆராய்ச்சி ஒரு மஞ்சள் பொடியைப் பற்றியது. கார்பன், நைட்ரஜன் மாதிரியான லேசான அணுக்களைச் சகப்பிணைப்பால் வரிசை தவறாமல் கோத்து உண்டாக்கும் படிகம். சகப்பிணைப்புக் கரிமச் சட்டகம் என்று நீட்டி முழக்குவோம். ஆய்வகத்தில் சுருக்கமாக சி.ஓ.எஃப். உள்ளே முழுக்க முழுக்கத் துளைகள், தேன்கூடு போல. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஸ்பூன் பொடிக்குள் இருக்கும் பரப்பை விரித்துப் போட்டால் ஒரு விளையாட்டு மைதானமே வரும். வாயுவைச் சேமிக்க, மருந்தை ஏற்றி அனுப்ப என்று உலகம் முழுக்க முயற்சி செய்கிறார்கள். நான் தண்ணீரில் கரைந்த ஈயத்தைப் பிடிக்க முயன்றேன்.

ஆய்வகத் தண்ணீரில் பொடி சொன்னபடி கேட்டது. ஊர்த் தண்ணீரில் கேட்குமா என்று பார்க்கத்தான் எண்ணூர் போனேன். ஃபைபர் படகு வைத்திருந்த ஒருவர் என்னைக் கழிக்குள் கூட்டிப்போகச் சம்மதித்தார். என் வயதுதான் இருக்கும். அவர் மனைவி அதே கழியில் இறங்கி, சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போட ஓலைக் கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார். அந்தம்மாவின் கால்களில் எப்போதும் சொறியும் புண்ணும் இருக்கும்.

ஒவ்வொரு முறையும் படகுக்காரர்தான் ஃபோனில் நேரம் சொல்வார். ஒரு நாள் ஏழு மணி என்பார், ஒரு நாள் பதினொன்று. அவருக்கு வேலை ஒழியும் நேரம் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். எட்டு முறை போய் எட்டு பாட்டில் எடுத்துவந்தேன். அதில் அளந்து ஈயம் கலந்து, பொடியைப் போட்டுப் பார்த்தால், எட்டிலும் பொடி ஈயத்தைப் பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை எழுதி முடித்தேன். அந்தம்மாவிடமும், “இந்தப் பொடி உங்க தண்ணிய சுத்தம் பண்ணிடும் பாருங்க” என்று பெருமையடித்தேன். வேலை முடித்துக் கரையேறிக்கொண்டிருந்தவர், கூடை வாயில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

கட்டுரையை அனுப்ப இரண்டு நாள் இருந்தது. இன்னும் ஒரு பாட்டில் இருந்தால் நல்லது என்று அந்த மாசிக் காலையில் கிளம்பினேன். வழியில் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொள்ள, நான் போய்ச் சேர மூன்று மணி நேரம் தாமதம்.

“இன்னா டீச்சர், இப்ப வந்துகினு கீறே? தண்ணி வத்திப்போச்சே” என்றார் படகுக்காரர். பரவாயில்லை என்று பிடிவாதமாக ஏறினேன். பாதி தூரத்தில் படகு தரை தட்டி நின்றது. வேறு வழியில்லாமல் முழங்கால் சேற்றில் இறங்கினேன். சுற்றிலும் சாம்பலும் சேறும் எண்ணெய்ப் படலமுமாகத் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. இது என்ன தண்ணீர் என்று கேட்டேன்.

“இதான் டீச்சர் எங்க தண்ணி. படகு தட்டாம இருக்கணும்னு, கடல் தண்ணி உள்ள ஏறுற நேரமா பாத்துத்தான் உன்னிய வரச் சொல்லிகினு இருந்தேன்.”

பக்கத்தில் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்த அவர் மனைவி கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். “தண்ணி வத்துனாதான் எங்களுக்கு வேலை. உன் பொடி இதுல வேலை செய்யுமா?”

அப்படியானால் நான் எடுத்துப்போன எட்டு பாட்டிலும் உள்ளே ஏறிய கடல் தண்ணீர்தான். அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு வந்து, அதே மாதிரி ஈயம் கலந்து பொடியைப் போட்டேன்.

செய்யவில்லை. நுண்ணிய சாம்பலும் எண்ணெயும் துளைகளின் வாயை அடைத்துவிட்டன. ஈயம் பெரும்பாலும் தண்ணீரிலேயே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பாட்டிலைத் தொட்டியில் கொட்டிவிட்டு எட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தப் புண் பிடித்த கால்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை. என் ஆராய்ச்சி நெறியாளருக்கு ஃபோன் செய்து, நடந்ததைச் சொல்லி, கட்டுரை வேண்டாம் என்றேன். “அப்போ முதல்ல இருந்து ஆரம்பிங்க” என்றார். ஒரு வருட உழைப்பு. ஆய்வகத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் போய் அந்தம்மாவிடம், பொடி வேலை செய்யவில்லை, நான் சொன்னது தப்பு என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“பாட்டில்ல தண்ணி எடுத்துகினு எத்தினியோ பேரு போயிக்கிறாங்க டீச்சர். இன்னா ஆச்சுன்னு திரும்பி வந்து சொன்னது நீதான்” என்றார்.

அதன்பிறகு எனக்கான பாட்டிலை அவரே, தான் வேலைக்கு இறங்கும் நேரத்தில் நிரப்பித் தருகிறார். இப்போது தண்ணீரை மணலில் வடித்துவிட்டுப் பொடியைப் போடுகிறேன். கொஞ்சம் பிடிக்கிறது, போதாது. அவர் கேட்ட கேள்விக்கு “செய்யும்” என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை; ஆனாலும், “செய்யவில்லை” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் என் ஆராய்ச்சி உண்மையில் ஆரம்பித்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.