குடையை வாங்கிக்கொண்டு போனவன்

அந்த வட்டாரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் முரண்டு பிடித்தாலும் அவருக்குத்தான் போன் வரும். இருபத்தைந்து வருட சர்வீஸ். கதவு மூடும் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் மனிதர்களிடம் பேச ஆரம்பித்தால் வாக்கியம் பாதியில் நின்றுவிடும், மீதியை எதிரே இருப்பவர் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'பிரேக்' என்று பேர் வைத்ததில் ஒரு தப்பும் இல்லை. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

பிரேக்கின் பையில் மீட்டர், ஸ்பேனர், கிரீஸ் டப்பா எல்லாவற்றுக்கும் அடியில் பிரௌன் அட்டை போட்ட புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும். சர்வீஸ் கையேடு என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஜப்பானியக் காதல் காமிக்ஸ், மாங்கா. பள்ளிச் சீருடையில் ஒரு பையனும் பெண்ணும் முகம் சிவந்து நிற்பார்கள். ஐம்பத்தொரு வயது மனிதர் மெஷின் அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். மகளுக்குப் பன்னிரண்டு வயதில் டைபாய்டு வந்தபோது, பொழுது போகவில்லை என்று அவள் அடம்பிடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டப் போய்ப் பிடித்தது இது. மகளைப் பிடித்த காய்ச்சல் மூன்று வாரத்தில் விட்டது. அப்பாவைப் பிடித்தது எட்டு வருடமாக விடவில்லை. மகள் இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள், புத்தகமெல்லாம் அப்பாவுக்கே சொத்து.

படிப்பதோடு விட்டாரா என்றால் இல்லை. கம்பெனியில் மிச்சமான பராமரிப்புப் பதிவேடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த மாங்கா, பார்த்த அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் ஒவ்வொன்றையும் அதில் ஏற்றினார். அதே பழைய கட்டங்கள்தான். 'கோளாறு' என்ற கட்டத்தில் "வாய் திறக்கவில்லை. எட்டு பாகமாக." 'எடுத்த நடவடிக்கை' கட்டத்தில் "இல்லை." 'குறிப்பு' கட்டத்தில் பத்துக்கு இத்தனை என்று மார்க்.

பேச்சில் வராத வீரமெல்லாம் அங்கே கொட்டிக் கிடந்தது. நாயகனும் நாயகியும் லிஃப்டில் மாட்டிக்கொண்டு காதலிக்கும் காட்சி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மார்க் குறைப்பார். "மாட்டிக்கொண்டவர்களை நான் நூற்றுக்கணக்கில் வெளியே எடுத்திருக்கிறேன். ஒருவர்கூடக் காதலோடு வரவில்லை. எல்லோரும் பாத்ரூம் எங்கே என்றுதான் கேட்டார்கள்." சின்ன வயதுத் தோழி எந்தக் கதையிலும் ஜெயிப்பதில்லை என்பதில் அவருக்குத் தீராத மனவருத்தம். பையன் மனசைத் திறந்து சொல்லும்போது சரியாக ஒரு ரயில் ஓடி, அந்தப் பெண் "என்ன சொன்ன? கேக்கலை" என்று கேட்கும் காட்சிக்கு மூன்று மார்க் போச்சு. "ரயில் போனதும் மறுபடி சொல்ல வேண்டியதுதானே? வாய் என்ன வாடகைக்கு எடுத்ததா?" என்று எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் வெளியூர் போகிறேன் என்று வந்து நிற்கும்போது "உன் இஷ்டம்" என்று சொல்கிற நாயகனுக்கு முட்டை. அதில் விட்டுக்கொடுப்பதே கிடையாது.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். ஒருநாள் கணவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "கண்ணாடியைக் கழட்டின உடனே அழகாயிட்டாளா? கழட்டினா முதல்ல சுவத்துல முட்டிப்பா" என்றார். மனைவி சொன்ன ஒரே விமர்சனம் அது. பிரேக் அதையும் பதிவேட்டில் ஏற்றி, அந்தக் கதைக்கு ஒரு மார்க் குறைத்தார்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்.

"எட்டு மணி நேரம் தள்ளி ஒரு ஊர்ல புதுசா கிளை திறக்கறாங்க. மேனேஜரா என்னைப் போகச் சொல்றாங்க. மூணு வருஷம். திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

 பிரேக்குக்கு, மனைவி இல்லாத வீடு என்றால் எது எங்கே இருக்கும், யாரிடம் என்ன பேசுவது, ஒன்றும் பிடிபடவில்லை. அத்தனையும் மனசுக்குள் ஓடியது. வாய் மட்டும், "உன் இஷ்டம்" என்றது.

"என் இஷ்டமா?"

"ஆமா. அதாவது, நான் என்ன..." அதோடு பிரேக் விழுந்தது.

 மனைவி கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். தன் கையாலேயே எத்தனை பேருக்குப் போட்ட முட்டை, இப்போது தனக்கே விழுந்துவிட்டது என்று பிரேக்குக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் அந்தப் பேச்சை எப்படி மறுபடி எடுப்பது என்று யோசித்து யோசித்து, வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிப் பிரித்துப் போட்டார்.

ஞாயிறு மத்தியானம் பால்கனியில் அதைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சாப்பாட்டு மேஜையில் மனைவி. கையில் பிரௌன் அட்டைப் புத்தகம். பக்கத்தில் பதிவேடு. கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிரேக்குக்கு ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. அவர் பத்துக்குப் பத்து போட்ட ஒரே புத்தகம் அது.

"நல்லா இருக்குல்ல?" என்றார்.

"என்ன நல்லா இருக்கு? இதைத்தான் எட்டு வருஷமா தூக்கிட்டு அலையறீங்களா? ஆரம்பத்துல ரெண்டு பேரும் கையைக் கோத்துகிட்டு ரயில் ஏறுறாங்க. அவ்வளவு சந்தோஷமா இருக்காங்க. அப்புறம் போகப் போகப் பேச்சு குறைஞ்சுபோச்சு. அவளைப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்கறான். கடைசியில கொட்டற மழையில அவ கையில இருந்த குடையை வாங்கிகிட்டு, 'உங்க பேர் என்ன?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். பேரே மறந்துபோச்சு அவனுக்கு!"

"குடையை வாங்கினானா? அவன் குடுத்தான்!"

"வாங்கினான். நான் பாத்தேன். அவ நனைஞ்சுகிட்டு நிக்கறா. இதுக்குப் போய்ப் பத்து மார்க் போட்டிருக்கீங்க." அவர் குரல் உடைந்தது. "நம்ம கதையும் இதுதான்னு சொல்றீங்க. அதானே? வாயால சொல்ல முடியாம மார்க் போட்டுச் சொல்றீங்க."

பிரேக் திருதிருவென்று விழித்தார். பிறகுதான் மனைவியின் கட்டைவிரல் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் செருகியிருக்கிறது என்று பார்த்தார்.

"நீ பின்னாலேருந்து படிச்சிருக்க."

"நான் எப்பவும் படிக்கற மாதிரிதான் படிச்சேன்."

"ஜப்பான் புத்தகத்தை வலது பக்கம் அட்டையிலேருந்து திறக்கணும். கட்டத்தையும் வலதுலேருந்து இடதா பாக்கணும். நீ முடிவுலேருந்து ஆரம்பத்துக்குப் போயிருக்க. மழையில பேரைக் கேட்டுக் குடை குடுக்கறதுதான் முதல் பக்கம். ரயில்ல கையைக் கோத்துக்கறதுதான் கடைசி."

மனைவி புத்தகத்தைத் திருப்பினார். "அதான் பதில் முதல்ல வருது, கேள்வி அப்புறம் வருது. நம்ம வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன். இதை எங்கயாவது எழுதிப் போடக்கூடாதா?"

"போட்டிருந்தாங்க. பொண்ணு அந்தப் பக்கத்தைக் கிழிச்சு..." என்று மகளின் அறைக் கதவைக் காட்டினார்.

கதவில் ஒட்டியிருந்த தாள் வெளுத்துப்போயிருந்தது. 'நில்! தப்பான பக்கத்திலிருந்து நுழைகிறாய்!'

"ஐயோ! அதை அவ நமக்குச் சொல்றான்னு நெனச்சு எட்டு வருஷமா நான் கதவைத் தட்டிட்டு உள்ள போறேன்!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் மனைவி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி, படிச்சது தப்பு. ஆனா இதுல 'உன் இஷ்டம்'னு சொன்னவனுக்கு என்ன மார்க்னு எழுதியிருக்கீங்க?"

பிரேக் கையிலிருந்த ஸ்பேனரை மேஜையில் வைத்தார்.

"நாளைக்கு நான் பதில் சொல்லணும்."

மனைவிக்குப் போக ஆசை இருந்தது. குரலிலேயே தெரிந்தது. போகாதே என்று சொன்னால் நின்றுவிடுவார் என்பதும் தெரிந்தது. பிரேக் வாயைத் திறந்தார். மேஜைமேல் இருந்த போன் அலறியது. கம்பெனி நம்பர். எத்தனை கதைகளில் திட்டித் தீர்த்த அதே ரயில், இன்று போனாக வந்து தொலைந்தது. கை, பழக்கதோஷத்தில், பச்சைப் பட்டனைத் தேய்த்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை அவர் நிற்கவில்லை.

"நீ போ!" என்று கத்தினார். "நீதான் அந்தக் கடையை நடத்தணும். நானும் வரேன்! அந்த ஊர்லயும் மாடி இருக்கும், மாடி இருந்தா லிஃப்ட் இருக்கும், லிஃப்ட் இருந்தா கெட்டுப்போகும். நீ இல்லாம என்னால இருக்க முடியாது!"

 போனில் கம்பெனி ஆள் தயங்கித் தயங்கி, "சார், நீங்க மட்டும் வந்தாப் போதும். மூணாவது மாடி, உள்ள ரெண்டு பேர்" என்றார்.

மாட்டிக்கொண்டவர்களைக் காக்கவைக்க முடியாது. பிரேக் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மனைவி முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் இரண்டு பேரையும் வெளியே எடுத்தார். இருவரும் பாத்ரூம் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

திரும்பி வந்தபோது மேஜையில் பதிவேடு திறந்து கிடந்தது. கடையில் ரசீது எழுதும் அதே குண்டுக் கையெழுத்து.

கோளாறு: இருபத்திரண்டு வருஷமாகப் பாதியில் நிற்கிறது.
எடுத்த நடவடிக்கை: தானாகவே ஓடிவிட்டது.
குறிப்பு: ஏழு. போனை எடுத்துக்கொண்டே சொன்னதற்கு மூன்று குறைத்தேன்.

பிரேக் அதை இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியது. போனை அணைத்துச் செருப்பு அலமாரிக்குள் வைத்துவிட்டு உள்ளே போனார். மனைவி கட்டிலில் இரண்டு சூட்கேஸைத் திறந்து வைத்திருந்தார். இரண்டாவது, பிரேக்கின் டூல் பையும் கொள்ளுமளவு பெரியது.

"நானும் வரேன்" என்றார் பிரேக், வாசலில் நின்றபடி. "நீ இல்லாம என்னால இருக்க முடியாது."

மனைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை.

"என்ன சொன்னீங்க? ரயில் சத்தத்துல கேக்கலை."

பிரேக் மறுபடி முழுசாகச் சொன்னார்.