மெத்ர் அல்பேட் பிரெஞ்சில் சொன்னது

அல்பேட் அண்ணை இறந்த செய்தி எனக்கு ஒரு கட்டளையோடு சேர்ந்துதான் வந்தது. மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்ஷனில் எங்கள் தெருமுனைத் தெப்பனர் கடையில் பால் வாங்க வரிசையில் நின்றேன். கைத்தொலைபேசியில் எங்கள் சங்கத் தலைவர் சவிரிமுத்து. "ஜெயா, அல்பேட் விடியக் காலமை மாரடைப்பிலை போயிட்டான். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். கோட்டிலை அவனோடை நிண்டது நீர்தானே? நல்லதாய் நாலு பக்கம் எழுதித் தாரும்." நடுவில் மனிதர் மூச்சுக்கூட விடவில்லை. நானும் பாலைக் கையில் பிடித்தபடி ஓம் என்றேன். செத்தவீட்டுச் செய்தி சொல்பவரிடம் எப்படி மாட்டேன் என்பது?

எழுத உட்கார்ந்தபோதுதான் பேனா இடறியது. அல்பேட் அண்ணையைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு விடயம் இல்லாமல் இல்லை. அதைக் கேட்ட வாய் எந்த வாய் என்பதுதான் இடறல். ஆகவே, தலைவரே, இதை மலரில் போடுவதானால் முழுதாகப் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு மெழுகுதிரிப் படத்தைப் போட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு அவரைக் கோயில் வாசலில் மட்டும்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து மாணவனாக வந்து, இங்கே பிரெஞ்சில் சட்டம் படித்து, நகர நீதிமன்றத்தில் அரச தரப்புச் சட்டத்தரணியாக இருந்தார். அடித்தவன், திருடியவன், மிரட்டியவன் மீது அரசு வழக்குத் தொடுக்கும்போது அரசுக்காக எழுந்து பேசுகிறவர். சட்டத்தரணிக்குரிய பிரெஞ்சு மரியாதைச் சொல்லோடு, அங்கே எல்லாருக்கும் அவர் 'மெத்ர் அல்பேட்'. காலையில் தன் வீடிருந்த ரொக்ஸ்பரோவிலிருந்து ரயிலில் வருவார். ரயில் பிந்தினாலும் அவர் பிந்தியதில்லை. நான் அதே நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். கடையொன்றில் நடந்த அடிதடி வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக்காரரின் தாயைப் பற்றிச் சொன்ன தூசணத்தை அந்தச் சாட்சிக்காரரே ஒன்றுவிடாமல் கூண்டில் நின்று ஒப்புவித்தார். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். "என் தாயைப் பற்றி மரியாதையில்லாமல் பேசினார்" என்று பிரெஞ்சில் பூசி மெழுகினேன். மெத்ர் அல்பேட் எழுந்து, மொழிபெயர்ப்புச் சரியில்லை என்று நீதவானிடம் சொல்லிவிட்டார். என் முகம் எரிந்தது. இடைவேளையில் விறாந்தையில் என்னிடம் வந்தார். "ஜெயா, அவன் கக்கினதைக் கழுவித் துடைச்சுக் குடுக்கிறது உம்மடை வேலையில்லை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார். திரும்பப் போய் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் சொன்னேன். நீதவான் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதா விடுவதா என்று நெடுநேரம் யோசித்தேன்.

இன்னொன்றும் அவர்தான் பழக்கினார். மொழிபெயர்ப்பவள் "அவர் சொல்கிறார்" என்று தொடங்கக் கூடாது. பேசுகிறவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்லவேண்டும். திருடன் பேசினால் நான் திருடி, சட்டத்தரணி பேசினால் நான் சட்டத்தரணி. முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

என்னோடு தனியே நிற்கும்போது தவிர, அந்தக் கட்டடத்துக்குள் அவர் தமிழில் வாய் திறக்கமாட்டார். இது எங்கள் சனத்துக்குப் பெரிய மனக்குறை. ஒருநாள் ஓர் ஆள் விறாந்தையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து, "அண்ணை, என்னைத் தெரியேல்லையே? நாங்கள் ஒரே கோயில்" என்றார். அண்ணை பிரெஞ்சில் பதில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்: "ஐயா, இந்தக் கட்டடத்துக்குள்ளை எனக்கு ஒருத்தரையும் தெரியாது." அந்த ஆள் என்னைத்தான் முறைத்துவிட்டுப் போனார். மாலையில் மெத்ரோ ரயிலுக்கு நடக்கும்போது, ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். "நான் தமிழிலை கதைச்சனெண்டால் எங்கடை ஆள் எண்டு தோளிலை கை போடுவினம். பேந்து அடி வாங்கினவள் ஆரிட்டைப் போறது, சொல்லும்?" என்றார். அன்றைக்கு அந்த மனிதர் மேல் எனக்கு வந்த மரியாதையை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

எங்கள் சனத்துக்கு ஒரு விடயம் எவ்வளவு சொன்னாலும் ஏறாது. இந்த நாட்டில் வழக்குப் போடுவது அடி வாங்கியவள் அல்ல, அரசு. அவள் நினைத்தாலும் அதை விலக்க முடியாது. எங்களவர்களோ, வழக்கு என்பது சட்டத்தரணியின் சட்டைப் பையில் கிடக்கும் ஒரு துண்டு, நல்லமாதிரிக் கேட்டால் கிழித்துப் போடுவார் என்று நம்புவார்கள். கலியாணம் பேசப் போவதுபோல வேட்டி கட்டிக்கொண்டு, பலகாரத் தட்டோடு, நாலைந்து பேராக ரொக்ஸ்பரோவுக்குப் போவார்கள். அண்ணை வாசலிலேயே வைத்துத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மேலே சுற்றிய தாளைக்கூடப் பிரிப்பதில்லை. "வெள்ளைக்காரனுக்குப் பிறந்தவன்" என்று திட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். அப்படித் திட்டியவர்களில் முதல் ஆள் யாரென்று தலைவருக்கே தெரியும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அண்ணைக்கு ஆசை வந்தது. மாகாண சட்டமன்றத் தேர்தலில் நிற்கவேண்டும் என்ற ஆசை. ஆசை தப்பில்லை. கட்சியின் வேட்பாளராவதற்கு முதலில் கட்சிக்குள்ளேயே வாக்கெடுப்பு நடக்கும். யார் அதிகம் பேரை உறுப்பினராக்கிக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறாரோ அவருக்குத்தான் இடம். தமிழரை மொத்தமாகக் கொண்டுவரக்கூடியவர் இந்த மொன்றியல் தீவில் ஒருவர்தான். கோயில் படிவமா, சங்கப் படிவமா, எல்லாம் சவிரிமுத்துவின் பெட்டிக்குள். திருப்பலி முடிந்து மண்டபத்தில் வைத்த கூட்டத்தில் அண்ணை முதன்முதலாகச் சபையில் தமிழ் பேசினார். "எங்கடை சனத்துக்கு மேலையிடத்திலை ஒரு குரல் வேணும்" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதே மாதத்தில்தான் ரஞ்சினியின் வழக்கு வந்தது. பெயரை மாற்றியிருக்கிறேன். கணவன் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன், சவிரிமுத்துவின் தம்பி. தலைமுடியைச் சுற்றிப் பிடித்து அவளைக் குசினியிலிருந்து வாசல்வரை இழுத்திருக்கிறான். பக்கத்து வீட்டுக் கியூபெக் கிழவி பொலிசைக் கூப்பிட்டாள். படங்கள் இருந்தன, கிழவியின் சாட்சி இருந்தது. அண்ணை கண்ணை மூடிக்கொண்டு வெல்லக்கூடிய வழக்கு. ரஞ்சினி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவர் வீட்டுப் பக்கம் வரக்கூடாது. அதை மட்டும் எழுதித் தந்தால் காணும்."

விசாரணைக்கு முதல் நாள் ஏதோ கையெழுத்துக்காக அண்ணையின் அறைக்குப் போனேன். மேசையில் பிரித்த தகரப் பெட்டி ஒன்று. "எடுத்துச் சாப்பிடும் ஜெயா, நல்ல பயற்றம் பணியாரம்" என்றார். எடுத்துக் கடித்தேன். உண்மையிலேயே நல்ல பணியாரம். யார் கொண்டுவந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். அந்த மனிதர் பலகாரம் வாங்காதவர் என்று மொன்றியல் முழுக்கத் தெரியும், எனக்குத் தெரியாதா? வாய்க்கு ருசி வந்தால் மூளைக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. தூ!

அடுத்த நாள் காலை, விசாரணை அறைக்குப் பக்கத்துச் சிறிய அறையில் நாங்கள் மூவரும். ரஞ்சினி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். அண்ணை பிரெஞ்சில் தொடங்கினார். வழக்கு நடந்தால் நீ கூண்டில் ஏறவேண்டும், எதிர்த் தரப்புச் சட்டத்தரணி உன்னைக் கிழிப்பார், பிள்ளைக்கும் அவமானம் என்றார். அதைவிட, ஒரு வருடம் ஒழுங்காக இருப்பேன் என்று நீதவான் முன்னால் உன் கணவர் கையெழுத்து வைக்கட்டும், வழக்கை விலக்கிக்கொள்வோம் என்றார். வீட்டுக்கு வரக்கூடாது என்ற நிபந்தனையைப் பற்றி மூச்சே இல்லை. நான் சொல்லுக்குச் சொல் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ரஞ்சினி என்னைப் பார்க்கவில்லை. மேசைக்கு மேலால் அவரைத்தான் பார்த்தாள். "அண்ணை, நீங்களும் தமிழ்தானே. எனக்கு நேரை சொல்லுங்கோவன். அவர் திரும்பி வீட்டை வருவாரோ?"

அண்ணையின் கழுத்து மெல்லச் சிவந்தது. தமிழில் ஒரே ஒரு சொல் போதும். அதற்காக நான் அங்கேயே மனதுக்குள் கெஞ்சினேன். அவர் என் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னார். நான் ரஞ்சினியிடம் சொன்னேன்: "நான் உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன். இதைவிட நல்லதாய் உங்களுக்கு ஒண்டும் கிடைக்காது."

அடி வாங்கியவளுக்காக என்று தொடங்கிய பிரெஞ்சு, அன்றைக்கு அடித்தவனுக்குக் கதவு திறந்துவிட்டது. இயேசுவைச் சாவுக்குக் கொடுத்த பிலாத்துவாவது ஊர் பார்க்கக் கை கழுவினான். இவர் என் வாயில் கழுவினார். நானும் நின்று கொடுத்தேன். எழுந்து, "மெத்ர், இதை நான் மொழிபெயர்க்கமாட்டேன்" என்று சொல்லியிருந்தால் என்ன, தலையை எடுத்திருப்பார்களா? வேலை போயிருக்கும், அவ்வளவுதான். ரஞ்சினி தலையாட்டினாள். பின்னேரமே அவன் வீட்டில் இருந்தான்.

கட்சிக்கூட்டம் எப்படி முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பாதித் தமிழர் அண்ணைக்குக் கை உயர்த்தினார்கள். மீதிப் பாதி மற்ற ஆளுக்கு. சவிரிமுத்து இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்திருந்தார். எவர் வென்றாலும் அவருக்கு நாற்காலி. அண்ணை தோற்றார். கூட்டம் முடிந்து, ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து "அடுத்தமுறை பாப்பம், தம்பி" என்று சொன்ன ஆளும் சவிரிமுத்துதான்.

அந்தப் பனிக்காலத்திலேயே ரஞ்சினியின் இடது காது போனது. கன்னத்தில் ஒரே அறை. அவன் சிறைக்குப் போனான். அவள் மகளோடு தீவின் மற்ற அந்தத்துக்கு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போய், அங்கே கல்லூரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். செய்தி கேட்ட அன்றைக்கு நான் அண்ணையின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். கோப்பை மூடிவிட்டுச் சொன்னார்: "சட்டப்படி நான் ஒரு பிழையும் விடேல்லை, ஜெயா." அது உண்மை. சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் அருவருப்பு. பிழை விட்டிருந்தால் யாராவது அவரைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு தன் வழக்குகளுக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. என் அம்மா செத்தபோது மட்டும் வந்தார். கடைசி வரிசையில் நின்று, ஒருவரோடும் கதைக்காமல், செபம் முடியும்வரை நின்றுவிட்டுப் போனார். மறுபடி தேர்தல் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. பலகாரத் தட்டுகளைத் திரும்ப வாசலிலேயே மறிக்கத் தொடங்கினார் என்று கேள்வி. இதையும் எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

அடக்கத் திருப்பலியில் ஆளுக்காள் பேசினார்கள். "ஏழை எளியதுகளுக்காக வாழ்ந்த பெருமகன்" என்றார் சவிரிமுத்து. குரல் தழுதழுத்தது, கண்ணைத் துடைத்தார். சீ, இந்த ஆளுக்கு வெட்கம் என்று ஒன்று உடம்பில் எந்த இடத்திலாவது இருக்குமா? சபையும் தலையாட்டிக்கொண்டு கேட்டது. அண்ணைக்குக்கூட அந்தப் பொய் பிடித்திருக்காது.

நான் எழுந்து வெளியே வந்தேன். கோயில் வாசலில் ரஞ்சினி நின்றாள். காதுக்குப் பின்னால் சிறிய கருவி. உள்ளே வரவில்லை. என்னைக் கண்டதும் வலது பக்கம் கேட்கும்படி திரும்பி நின்றாள்.

"ஒண்டு கேக்கத்தான் வந்தனான், அக்கா. அண்டைக்கு அந்த அறையிலை அவர் பிரெஞ்சிலை நிறையக் கதைச்சார். எனக்கு அப்ப ஒரு சொல்லும் விளங்காது. அவர் ஏதோ நல்லது சொல்லியிருப்பார், நீங்கள்தான் சவிரியண்ணைக்குப் பயந்து மாத்திச் சொன்னீங்கள் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். உங்களைத்தான் நெடுகத் திட்டினனான். 'உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன்' எண்டது ஆர்? அவரோ, நீங்களோ?"

ஓம், நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு இந்த ஊரில் ஒரு நல்ல மனிதராவது மிஞ்சியிருப்பார். உள்ளே பெட்டியில் கிடந்தவருக்கும் அது பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

"அவர்தான் சொன்னவர், ரஞ்சினி. ஒவ்வொரு சொல்லும்" என்றேன்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "அப்ப நான் உள்ளை போகேல்லை" என்று சொல்லிவிட்டு, பேருந்துத் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.

அல்பேட் அண்ணையிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று எழுதி முடிக்கவேண்டும். 'உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன்' என்ற அவருடைய அந்த ஒரு வசனம்தான். அவர் அதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தமிழில் சொன்னவள் இன்னும் உயிரோடு இருக்கிறேன்.