டிரம்மில் நான் போட்ட சோறு

1. சாவி வேலை

அடுப்பு எரியாமல் போன அன்றைக்கு எல்லோரையும் விசாரித்தார்கள். என்னை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காத ஆள்.

தாராவியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்கு லேப் ஆயா வேலை. அப்போது டெம்பரரிதான். சாவி வைத்திருப்பது, குடுவை கழுவுவது, பெருக்குவது. என் வீட்டுக்காரர் மவுத்தான பிறகு கிடைத்த வேலை. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தேன். பாட்டிலில் ஒட்டியிருக்கும் தமிழ் எழுத்தை வாசிப்பேன் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் அக்காவை லாத்தா என்போம். இந்துப் பிள்ளைகளும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் மாட்டுங்காவிலிருந்து ஒரு சயின்ஸ் சார் வந்தார். ஆறு, ஏழாம் வகுப்புகளில் கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கினார். மார்க்கைப் பார்க்கவில்லை. ஒரு பழைய சைக்கிள் டைனமோவைக் கழற்றி நடுவில் வைத்து, "பாத்துட்டு என்ன தோணறதோ எழுதுங்கோ" என்றார். எழுதியதை வைத்து எடுத்தார். பள்ளி விட்டதும் நாலு மணிக்கு அவர்களுக்குத் தனி வகுப்பு. அதற்குப் புத்தகம் கிடையாது. வீணாய்ப் போகிறதை வைத்து உபயோகமாக ஒன்று செய்ய வேண்டும், அவ்வளவுதான். முதல் வருஷம் தகரப் பெட்டியில் கண்ணாடி பதித்து வெயிலில் பருப்பு வேகவைத்தார்கள். அடுத்த வருஷம் சாணியிலிருந்து கோபர் கேஸ்.

2. பதினெட்டு நிமிஷம்

பெரிய ஆயில் டிரம்மில் சாணிக் கரைசல். அதற்குள் சின்ன டிரம்மைக் கவிழ்த்து வைப்பார்கள். உள்ளே கேஸ் சேரச் சேரச் சின்ன டிரம் தானாக மேலே எழும்பும். அதிலிருந்து ஒரு ரப்பர் டியூப், நுனியில் பர்னர். சாணி, மாஹிம் பக்கம் எருமை கட்டும் தபேலாவிலிருந்து வந்தது.

முதல் நாள் ஒரு பையன் கிட்டே வராமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏழாம் வகுப்பு முத்துக்கனி முழங்கை வரை சாணியோடு திரும்பி, "ஏலே, உங்க அப்பா நாள் முச்சூடும் தோல் பட்டறையில நிக்காவ. நீ சாணிக்கு மூக்கப் பொத்துதியோ?" என்று கேட்டாள். அவன் கையை எடுத்துவிட்டான்.

தீனி போடும் பொறுப்பும் நோட்டும் முத்துக்கனியிடம் இருந்தன. காலையில் மணியடிக்கும் முன் ஒரு டப்பா சாணி, ஒரு டப்பா தண்ணீர். டிரம் எவ்வளவு எழும்பியது, சாயங்காலம் தீ எத்தனை நிமிஷம் நின்றது என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதுவாள்.

இருபத்திரண்டாம் நாள் தீ பற்றியது. புகையில்லை, சத்தமில்லை, நீலமாக நின்றது. அதில் நான் சாயா போட்டேன். பதினெட்டு நிமிஷம் எரிந்தது. அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். தீ அணையும் நேரத்தைக் குறிக்க வேண்டும் என்பதால் அதுவரை யாரும் எழுந்து போகக் கூடாது. பன்னிரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். சார் கேள்வி கேட்பார், அவர்கள் சண்டை போட்டுக்கொண்டு பதில் சொல்வார்கள். சாயா ஊற்றிவிட்டு நானும் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் சார் என் பக்கம் திரும்பி, ஏன் நீலமாக எரிகிறது என்று கேட்டுவிட்டார். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அன்று ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. யாரும் என்னிடம் பாடம் கேட்டதில்லை.

தீ அணைந்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் விளக்குமாற்றை எடுப்பேன். இன்னும் கொஞ்ச நேரம் எரியாதா என்று இருக்கும்.

3. சோறு

எங்கள் தெருவில் ஒரு பொங்கல் வீடு இருந்தது. ஊரிலிருந்து தனியாக வந்த ஆண்கள் தங்கிச் சாப்பிடும் இடம். மிச்சச் சோற்றை ஆட்டுக்கு என்று கேட்டால் தருவார்கள். கூடுதலாகப் போட்டால் கூடுதல் நேரம் எரியும் என்பது என் கணக்கு. காலையில் லேப் திறக்கும்போது, முத்துக்கனி வரும் முன், ஒரு பாத்திரம் சோற்றை டிரம்மில் கொட்டினேன்.

அந்த வாரமே தீ இருபத்தாறு நிமிஷம் நின்றது. சார் நோட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். கூடின எட்டு நிமிஷமும் என்னுடையது என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் இரண்டு பாத்திரமாக்கினேன்.

மூன்றாம் வாரம் தீ துள்ளித் துள்ளி அணைந்தது. பிறகு டிரம் எழும்பவே இல்லை. சோப்புத் தண்ணீர் தடவி லீக் தேடினார்கள், இல்லை. சார் பிள்ளைகளை ஒவ்வொருவராக விசாரித்தார். கடைசியில் நோட்டைக் கையில் எடுத்து முத்துக்கனியைக் கூப்பிட்டார்.

"தினம் ஒரு டப்பாதான் போட்டியா?"

"ஒரு டப்பாதான் சார்."

"அப்பறம் பதினெட்டு எப்படி இருபத்தாறாச்சு? இருபத்தாறு எப்படிப் பூஜ்யமாச்சு? அளக்காம எழுதியிருந்தா சொல்லிடு. அதைத் திருத்திக்கலாம். இல்லாததை எழுதினா இங்கே இடமில்லே."

"ஒரு டப்பாதான் சார்."

உண்மையைச் சொல்லும் வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்றார். அவள் அழவில்லை. பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நான் கழுவின குடுவையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அளவு குறைந்துதான் கேஸ் நின்றது என்று நினைத்து, மறுநாளிலிருந்து இரண்டு டப்பா போடச் சொன்னார் சார்.

4. எட்டு நாள்

சோறு போடுவதை அன்றே நிறுத்திவிட்டேன். தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைவிட, அத்தனை முகமும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்புமே என்ற பயம். இரண்டாவதுதான் பெரிது. இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

முத்துக்கனி பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போய்விடவில்லை. கூட நடந்து போகும் பிள்ளை உள்ளே இருந்ததால், வகுப்பு முடியும் வரை தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்திருப்பாள். நான் கடந்து போகும்போதெல்லாம், "லாத்தா, டிரம் எழும்பிச்சா?" என்று கேட்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். எட்டு நாளும் கேட்டாள். ஒன்பதாம் நாள் அவள் கேட்கவில்லை. தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

விளக்குமாற்றைக் கீழே வைக்கவும் மறந்து உள்ளே போனேன். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. சொல்லிவிட்டேன்.

"சார், நாந்தான் சோறு போட்டேன். மூணு வாரமா. அந்தப் பிள்ள எழுதினதெல்லாம் சரிதான்."

யாரும் சிரிக்கவில்லை. எதற்காகப் போட்டீர்கள் என்று சார் கேட்டார். அடுப்பு நல்லா எரியட்டுமேன்னுதான் என்றேன். அது பாதிதான். மீதியைச் சொல்ல எனக்கு வாயில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை, ஹெட்மாஸ்டர் வரை கொண்டுபோகவும் இல்லை. முத்துக்கனியை உள்ளே கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் தன் மேல்தான் தப்பு என்று சொன்னார். பிறகு நீல லிட்மஸ் பேப்பரைக் கரைசலில் நனைத்துக் காட்டினார். சிவப்பாகிவிட்டது. சோறு சீக்கிரம் புளிக்கும், அந்தப் புளிப்பில் கேஸ் உண்டாக்கும் கிருமி செத்துவிடும் என்று விளக்கினார். சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தீனியை நிறுத்திப் பொறுத்திருக்க வேண்டும் என்றார்.

கடைசியில் அவளிடம், "உனக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்று கேட்டார்.

"பருக்கை மிதந்துச்சு சார். யாரு போட்டாவன்னு நான் பாக்கல."

"மிதந்ததையாவது எழுதியிருக்கலாமே?"

அவள் நோட்டை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

5. அதற்கப்புறம்

முத்துக்கனியை வெளியே அனுப்பிய நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள், நாலா என்று சொல்லும் சாக்கடைக் கால்வாய் ஓரத்து வீடுகளை எல்லாம் முனிசிபாலிட்டிக்காரர்கள் பிரித்து, அங்கிருந்தவர்களைத் தூரத்தில் இருக்கிற மான்குர்த்துக்கு அனுப்பினார்கள். முத்துக்கனி வீடும் அதில் ஒன்று. காலையில் நோட்டைக் கொடுக்க ஓடி வந்தாள். வீட்டு வாசலில் டெம்போ நிற்கிறது, அம்மா வைவாள் என்றாள். "லாத்தா, எரிஞ்சா எத்தன நிமிசம்னு பாத்து எழுதிருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நான் சோறு கொட்டியதை நீ பார்த்தாயா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டாள்.

பதினாறாம் நாள் தீ பற்றியது. பத்தொன்பது நிமிஷம். என் கோணல் எழுத்தில் எழுதினேன்.

லீவு நாட்களில் குர்லாவில் வண்டி மாறி மான்குர்த் போய்த் தேடியிருக்கிறேன். தமிழ் வீடுகளாகப் பார்த்துக் கேட்பேன். பன்வேல் பக்கம் போய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், ஊருக்கே போய்விட்டார்கள் என்று இன்னொருவர். இன்றைக்கும் ஸ்டேஷனில் யாராவது பையை ஒரு தோளில் மாட்டி வேகமாக நடந்தால் என் கண் அந்தப் பக்கம் போகும். அவளுக்கும் இப்போது வயதாகியிருக்கும் என்பது பிறகுதான் நினைவு வரும்.

இப்போது பள்ளிகளில் லேப் வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் கையால் ஒரு தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். நாளைக்கும் அதே கூச்சம்தான் இருக்கும், குறையாது. நான் முதல் நாளே சொல்லியிருந்தால் எட்டு நாள் முன்பே சுண்ணாம்பு விழுந்திருக்கும். பதினாறாம் நாள் எரிந்த அடுப்பு எட்டாம் நாளே எரிந்திருக்கும். வீட்டைப் பிரிப்பதற்கு முன் முழுசாக நாலு நாள். அந்த நாலு நாளும் முத்துக்கனி தீ முன்னால் உட்கார்ந்து சாயா குடித்திருப்பாள்.