ஆறாவது எபிசோடில் ரெஜினாவின் தரப்பு

எங்கள் குழுவில் யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை. ஒரு விண்வெளித் தொடரைப் பற்றிச் சண்டை போடுவதற்காகச் சேர்ந்தவர்கள் நாங்கள். அதற்கு வாட்ஸ்அப்பும் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பும் போதும். ஆகவே அந்தப் புதன்கிழமை காலை குழுவிலிருக்கும் செல்வத்தின் பெயர் போன் திரையில் வந்ததுமே ஏதோ கெட்ட செய்தி என்று தெரிந்துவிட்டது.

“தலைவரே, ரெஜினா அக்கா இல்ல.”

“எங்க இல்ல?”

“எங்கியுமே இல்ல தலைவரே. காலைல டூட்டிக்குக் கெளம்பசொல்ல விழுந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.”

ரெஜினா மேடத்தை அறிந்து, இந்த நினைவஞ்சலியைப் படிக்கும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில் நான் அவரை நினைக்கவில்லை. மூன்று நாள் முன்பு அவரிடம் கடைசியாக நான் சொன்ன வாக்கியத்தை நினைத்தேன். இன்றுவரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கணவர் அருளுடன் குவார்ட்டர்ஸில் இருந்தார். குழுவில் சேர்ந்த அன்று நாங்கள் எல்லோரும் இரண்டாவது எபிசோடைத் தூக்கிவைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். அவர் ஒரே ஒரு வரி எழுதினார்: “பதினெட்டாவது நிமிடத்தில் கேப்டனின் இடது கையில் கட்டு இல்லை. பத்தொன்பதில் இருக்கிறது.” வரவேற்பு ஸ்டிக்கர்கள் பாதியில் நின்றன. அந்தக் கட்டைப் பற்றி இரண்டு நாள் வாதாடினோம். ஒருவர் அது எதிர்காலத்து மருத்துவம் என்றுகூட நிறுவப் பார்த்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் செல்வம் ஒருமுறை ஒரு பை நிறைய பித்தளைப் புஷ்களோடு, அதாவது எந்திர அச்சு சுழலும் சிறு வளையங்களோடு, வந்தான். கம்பெனிக்காரன் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டான் என்று புலம்பினான். மேடம் கைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து, நாங்கள் கூடும் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தார். ஒரு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒன்றை எடுத்து உட்புறத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். “குறை இருக்குன்னு சொல்லணும்னா அதுமேல விரலை வைக்கத் தெரியணும் செல்வம். வைக்க முடியலன்னா, சொல்லாம இன்னொரு தடவை பாக்கணும்.” அன்று எங்களுக்கு அது மிகப் பெரிய ஞானமாகத் தெரிந்தது. நான் அதைக் குழுவின் முகப்பு வாசகமாகவே போட்டுவைத்தேன்.

பிறகு அந்த ஆறாவது எபிசோட் வந்தது. பார்க்காதவர்கள் பாக்கியவான்கள், அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்கப்பலின் தலைமைப் பொறியாளர் ஒரு பெண். எபிசோட் தொடங்கும்போதே அவளுக்கு எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்கிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் சமையலறைக் குழாயைச் சரிசெய்கிறாள், கேப்டனின் நாற்காலியை நிமிர்த்துகிறாள், நாற்பது நிமிடம் இப்படியே போகிறது. சத்தம் நிற்கவில்லை. எபிசோட் முடிந்துவிடுகிறது.

நான் ஒரு கட்டுரை எழுதினேன். நன்றாக வந்திருந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. நாங்கள் வழக்கமாகக் கூடும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில், ஞாயிற்றுக்கிழமை மாலை, எல்லோருக்கும் அதை உரக்கப் படித்துக் காட்டினேன். “தன் எஞ்சினில் சத்தம் கேட்க, ஊரார் திருகாணியை முடுக்கிக்கொண்டு திரியும் பெண் எந்தக் கிரகத்திலும் கிடையாது” என்ற இடத்தில் கைதட்டினார்கள்.

“கரெக்ட்டு தலைவரே!” என்றான் செல்வம். “சத்தம் கேட்டுகினே கீது, இவ இன்னான்னா குழாய நோண்டிகினு கீறா. இதுக்கா நாப்பது நிமிசம் உக்காந்தோம்?”

மேடம் ஒருவர்தான் எதிர்த்தார். “வேலை தெரிஞ்சவ அப்படித்தான் இருப்பா. எங்கேன்னு தெரியாம எப்படிச் சொல்லுவா? கப்பல்ல இத்தனை பேர் இருக்காங்க. பயந்துருவாங்கல்ல?”

“பயந்தா இன்னாக்கா? செத்தா பரவால்லியா?”

மேடம் சிரித்தார். பிறகு தாடையைத் தேய்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

“இன்னாக்கா, தோத்துட்டு உக்காந்துட்டியா?”

“காத்து வாங்குறேன்டா. நீ பேசு.”

கிளம்பும்போது என் வண்டிவரை கூடவே நடந்து வந்தார். வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. அல்லது ஞாபகம் அப்படி மாறிவிட்டது. “சார், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்” என்றார்.

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னேன்: “ஆறாவது எபிசோடுன்னா மேல்முறையீடு கிடையாது மேடம்.”

“சரி, அடுத்த வாரம் பேசிக்கலாம்” என்றார்.

இவ்வளவுதான். இதைவிடக் கொடுமையான வாக்கியங்களைப் பலரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

அடக்கத்தன்று குவார்ட்டர்ஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஜெபம் நடந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாததால், எங்களில் ஒருவர் ஏழாவது எபிசோடைப் பற்றி மெல்ல ஆரம்பித்தார். இன்னொருவர் பதிலும் சொன்னார். செல்வம், “வாய மூடிகினு இருங்கடா” என்றான். பிறகு என் பக்கம் சாய்ந்தான்.

“ஹார்ட் அட்டாக்குதானாம். டாக்டரு சொன்னாராம் தலைவரே, ஒரு வாரம் பத்து நாளாவே உடம்பு காட்டியிருக்கும், தாடைகூட வலிக்கும்னு. தாடையத் தேச்சிகினே இருந்துச்சே அக்கா. நான் பல்லு வலின்னு நெனச்சிகினேன்.”

நான் அதுகூட நினைக்கவில்லை. என் கட்டுரையின் அடுத்த பத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. அவர் என்ன பேச வந்தார்? எபிசோடைப் பற்றி என்றால் நான் தப்பித்தேன். உடம்பைப் பற்றி என்றால், எந்தக் கிரகத்திலும் கிடையாது என்று சொல்லி நான் கைதட்டல் வாங்கிய அதே மாதிரிப் பெண்ணிடம், அவள் கடைசியில் வாயைத் திறந்தபோது, மேல்முறையீடு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். குழுவில் போட்டிருந்த கட்டுரையை அழித்தேன். அழித்ததைப் பார்த்து யாராவது காரணம் கேட்பார்களோ என்று பயந்து மறுபடி போட்டேன். மறுபடி அழித்தேன். பல் தேய்க்கும்போது என் தாடையை அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவது வாரம் தாங்க முடியாமல் அருளைப் பார்க்கப் போனேன். அவரே டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். அவர் குழுவில் இல்லை. விண்வெளி அவருக்குப் பிடிக்காது, கிரிக்கெட்தான். எப்படித் தொடங்குவது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவரே தொடங்கினார்.

“நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன் சார். ரெஜி உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?”

“என்ன சொன்னாங்களான்னு?”

“அதான் தெரியல. போறதுக்கு முதல் நாள் சாயங்காலம், ஒரு விஷயம் பேசணும்னா. மேட்ச்சுல கடைசி ரெண்டு ஓவர். முடியட்டும்னேன். முடிஞ்சதும் கேட்டேன் சார், கேக்காம இல்ல. ஒண்ணுமில்லன்னுட்டா.” டம்ளரைக் கீழே வைத்தார். “உங்களையெல்லாம் பாத்தா நல்லாப் பேசுவா. உங்ககிட்டயாவது சொல்லியிருப்பான்னு நெனச்சேன்.”

நான் வந்ததே அதைக் கேட்கத்தான் என்று சொன்னேன். ஹெல்மெட், மேல்முறையீடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒருவகையில் அதற்காகவே போயிருந்தேன். அவர் கோபப்படவில்லை. “ரெண்டு பேர்கிட்ட கேட்டுப் பாத்திருக்கா” என்றார், அவ்வளவுதான்.

சர்க்கரையில்லாத டீயைக் குடித்து முடித்தேன். நான் எழுந்தபோது, “அவசரமா சார்?” என்று கேட்டார். அவசரம்தான். இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன்.

ரெஜினா மேடத்தின் ஞாபகமாக உங்களில் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும்: திருத்தப்பட்ட ஒரு நிமிடம், அளந்து கொடுத்த ஒரு புஷ். என்னிடம் இருப்பது அவர் பேசாமல் போன விஷயம். அது என்னவென்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அருளும் நானும் அதை ஆளுக்குப் பாதியாக வைத்திருக்கிறோம். அவருடைய பாதி கனமானது. முடிந்த மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை கொடுக்கிறேன்.