சங்கு என்றால்தான் தெரியும்

தண்டையார்பேட்டையில் ஒருவனைத் தேடிப் போகிறவர்கள் அவன் சொந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அலைந்து கால் தேய வேண்டியதுதான். ஒரே சந்தில் நாலு முனுசாமி இருப்பான். பட்டப்பெயர் சொன்னால்தான் ஆள் அகப்படுவான். மஜீது தலையில் மண்ணைப் போட்டது அந்த வழக்கம்தான். அவன் நல்லவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் அவனைத் திட்டும்போது ஞாபகம் இருக்கட்டும்.

மஜீதின் அத்தாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் வீட்டுத் துணியில் அந்த வாடை போகாது. பையன் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் போதும், "தோலு வந்துட்சிடா!" என்று வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். மூக்கைப் பிடிக்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஜெயவேல் ஒருத்தன்தான்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பள்ளிக்கூட மைதானத்தில் பதுங்கு குழி வெட்டியிருந்தார்கள். சைரனுக்கு அந்தப் பக்கத்தில் சங்கு என்று பெயர். ஒரு நாள் சங்கு ஊதவும் பையன்கள் எல்லோரும் ஓடிப் போய்க் குழியில் குப்புறப் படுத்தார்கள். மஜீதை ஒட்டிப் படுத்திருந்த ஜெயவேல் நடுநடுங்கிக் கால்சட்டையை நனைத்துவிட்டான். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, பாவம், பயம் வராதா? மஜீது சட்டென்று குழிச் சேற்றை அள்ளி அவன் கால்சட்டையில் பூசி மறைத்தான். "நான் யாராண்டயும் சொல்லமாட்டேன்டா" என்று அவனாகவே வாக்கும் கொடுத்தான்.

வாக்கு நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் பையன்கள் மஜீதைச் சுற்றி வளைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"நானாடா நாறுறேன்? சங்கு ஊதுனப்ப ஜெயவேலு இன்னா பண்ணான் தெர்மா?"

சொல்லிவிட்டான். நரம்பில்லாத நாக்கு! பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் மஜீதின் தோளில் கைகூடப் போட்டான். அதுவரை எவனும் அவனைத் தொட்டதில்லை. அன்றைக்கு அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. அதற்கப்புறம் யாரும் அவனைப் பார்த்து மூக்கைப் பிடிக்கவில்லை.

ஜெயவேலுக்குச் 'சங்கு' என்று பெயர் விழுந்தது. சண்டை முடிந்தது, குழியை மூடினார்கள், குண்டுக்கு ஊதிய சங்கும் நின்றது. ஆலைச் சங்கு நிற்குமா? காலை, மதியம், மாலை, அந்த வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஆலை ஊதிக்கொண்டேதான் இருக்கும். ஊதும்போதெல்லாம் எவனாவது கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு "ஊ" என்று துள்ளுவான். ஜெயவேல் வீட்டுக் கதவில் கரியால் சங்குப் படம் வரைந்தார்கள். காரணம் தெரியாத குழந்தைகளும் துள்ளின. கடைக்காரர் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் "இன்னா சங்கு, இன்னா வோணும்?" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பையன் படிப்பை நிறுத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தான்.

அவனுக்குப் பதினெட்டு வயதானபோது அப்பா பரசுராமன் யார் யார் காலிலோ விழுந்து ஓர் ஆலையில் சேர்த்துவிட்டார். போன இடத்திலும் அதே பள்ளிக்கூடத்து முகங்கள்தான். மூன்றாம் நாள் மதியச் சங்கு ஊதியதும் பத்துப் பேர் எழுந்து நின்று அவனுக்கு சலாம் வைத்தார்கள். ஒருவன் குவளைத் தண்ணீரை அவன் மடியில் ஊற்றினான். ஜெயவேல் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே எழுந்து வெளியே போனான். வீட்டுக்கு வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மஜீதை, ஜெயவேலின் அம்மா பட்டம்மாள் ரேஷன் கடை வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணூர் தாண்டி உப்பளத்துல அவனப் பாத்ததா ஒர்த்தர் சொன்னாரு கண்ணு. அவங்கப்பா போனா வரமாட்டான். நீதான் அவன் தோஸ்து. நீ கூப்ட்டா வருவான்."

யாரிடம் சொல்கிறோம் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. போய் அவன் காலில் விழுந்து, நான்தான்டா சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு, கையோடு கூட்டிவந்துவிடுவது என்று மஜீது அப்போதே முடிவு செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி எண்ணூரில் இறங்கி, படகில் அக்கரை போய், வெயிலில் நடந்தான். உப்பளக் கொட்டகையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்தான்.

"ஜெயவேலா? அப்டி யாரும் இங்க இல்லியேப்பா" என்றாள் கெங்கம்மா. உப்பு வாருகிறவர்களை மேய்க்கிறவள் அவள்தான். "வேற எதுனா அடையாளம் சொல்லு."

"ஒசரமா இருப்பான்கா. தண்டையார்பேட்டை." அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு போவதா என்று மஜீதுக்குப் பதற்றம். ஊர் வழக்கம் நாக்கில் வந்தது. "சங்குன்னு கூப்புடுவாங்க. சங்குன்னா எங்க பேட்டைல கொயந்தகூட வூட்டக் காட்டும்."

"இது இன்னாபா பேரு?" என்று ஓர் இளவட்டம் சிரித்தான்.

"சின்ன வயசுல சங்கு ஊதுனா பயந்து..." என்று தொடங்கிய மஜீது பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

"ஒண்ணுக்கு வுட்டுட்டானா?" என்று அந்தப் பயலே முடித்தான். கொட்டகை சிரித்தது.

பின்னால் ஒரு கூடை விழுந்தது. தாடி வைத்த ஒருவன் நின்றிருந்தான்.

"இன்னா செல்வநாதா, கூடைய போட்டுட்ட?" என்றாள் கெங்கம்மா. அங்கே அவனுக்கு அந்தப் பெயர்.

மஜீது ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தான். "ஜெயவேலு, நான்தான்டா அன்னிக்கு..."

"தெரியும். குழில என் பக்கத்துல வேற யார்டா இருந்தா? அதுக்கு நான் உன்ன ஒரு வார்த்த கேட்டனா?" ஜெயவேல் கத்தவில்லை. "இங்க யாருக்கும் தெரியாது மஜீது. ரெண்டு வருசமா மனுசனா இருந்தேன். இங்கயும் வந்து சொல்லிட்டியேடா."

"அம்மா அழுதுகினு கீதுடா. வாடா போலாம்."

"நல்லா கீறான்னு போய்ச் சொல்லு."

அவன் குனிந்து கூடையை எடுத்தான். அந்த இளவட்டம் கையை வாயில் குவித்து மெதுவாக "ஊ" என்றான். கெங்கம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்து என்ன பயன், மற்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு மஜீது மறுபடி போனான். கெங்கம்மா அவனை நிழலுக்குக்கூட அழைக்கவில்லை. "மறாநாளே போய்ட்டான். சொல்லிக்கவும் இல்ல. தங்கமான புள்ள. நீ எதுக்குய்யா வந்தே?" என்றாள். மஜீது வரப்பிலேயே உட்கார்ந்து அழுதான்.

பட்டம்மாளிடம், அங்கே ஆள் இல்லை என்றான். அது பொய்யும் இல்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற எடத்துல பாரு கண்ணு. நாலு பேராண்ட விசாரிச்சா கெடைக்காமலா போய்டுவான்?" என்றாள்.

"சரிம்மா" என்றான் மஜீது.

தேடத்தான் தேடினான். லீவு நாளெல்லாம் உப்பளம், செங்கல் சூளை என்று அலைந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடப்பான். யாராவது இரக்கப்பட்டு, "யாரத் தேடிகினு கீற நைனா?" என்று கேட்டால், "யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விடுவான்.