புயல் முகாமில் எடுத்த வருகைப்பதிவு

நான்கு வருடங்களுக்கு முன், கார்த்திகை மாதப் புயல் சமயம். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய், கடலூர் பக்கம் ஒரு கடலோரப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். அன்று பள்ளியையே புயல் முகாமாக்கியிருந்தார்கள். மீனவர் குடும்பங்கள் என் வகுப்பறையில் தங்கியிருந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குமுன் எல்லோரும் இருக்கிறார்களா என்று பெயர் வாசித்துச் சரிபார்ப்பது என் வேலை.

வீட்டில் என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் அந்த அறைக்குள் நுழைந்தால் எங்கிருந்துதான் அந்தக் குரல் வருமோ! "சத்தம் போடக்கூடாது. வரிசையா உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்கள். நடுக்கடலில் புயலைப் பார்த்தவர்கள்கூட எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். ஒருவர் சுண்டுவிரலைக் காட்டி வெளியே போக அனுமதி கேட்டார். சிரிப்பு வந்தது. உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

பாதி வாசித்திருப்பேன். பின்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கையைத் தூக்கினார். "கையக் கீழ போடுங்க, முடிச்சிட்டு வரேன்" என்று அதட்டினேன். போட்டுவிட்டார். மீதிப் பேரையும் நிதானமாக வாசித்து, தப்பாக எழுதியிருந்த ஒரு பெயரை அடித்துத் திருத்தி, அப்புறம்தான் அவரிடம் போனேன்.

அவர் மடியில் தலை வைத்து, முந்தானையைப் பல்லில் கடித்தபடி மருமகள் படுத்திருந்தாள். நிறைமாதம். பனிக்குடம் உடைந்து தரையெல்லாம் ஈரம்.

உடனே ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். வழியில் மரம் விழுந்து கிடந்தது. சற்றுமுன் "உள்ளேன்" சொன்ன அதே ஆண்கள் யாரையும் கேட்காமல் மழையில் இறங்கி, அதை இழுத்துப் போட்டு வண்டிக்கு வழி செய்தார்கள். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்று கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "ஏம்மா, ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே?" என்று அந்த மாமியாரிடம் கேட்டேன்.

"நீங்க பேர் வாசிச்சிக்கிட்டு இருந்தீங்களே டீச்சர். நடுவுல பேசுனா தப்பில்லையா?" என்றார். குரலில் கோபமே இல்லை.

மீன் ஏலத்தில் அந்த அம்மா வாயைத் திறந்தால் வியாபாரிகளே அடங்கிப்போவார்களாம். பக்கத்துக் கட்டில் பெண் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் மாணவி ஆகிவிட்டார் என்றால், பட்டியலை ஒரு நிமிடம் மூடி வைக்க முடியாத அளவுக்கு நான் டீச்சராகிப் போயிருந்தேன்.

இப்போதெல்லாம், என் குரலுக்கு அடங்கி யார் எதை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ என்று எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முதல் பெயரை வாசிக்கிறேன்.