குழம்பு ஊற்ற இடம்

சுனாமி அலை வந்ததற்கு அடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்குக் காலில் புண் வந்தது. வலது கால் பெருவிரல். மரக்காணம் உப்பளத்து வேலை. நாள் முழுக்க உப்புத்தண்ணீரில் நிற்கிற கால், ஆறவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சர்க்கரை என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார்.

"அளத்துல எறங்கக் கூடாது. சோத்தை விடணும். ஒரு மாசம் பாப்பேன். சர்க்கரை எறங்கலன்னா விரலை எடுத்துடணும்" என்றார்.

விரல் போனால் வேலையும் போகும். ஈர வரப்பில் பெருவிரலை ஊன்றித்தான் நடக்கவேண்டும். இல்லாவிட்டால் பாத்தியில்தான் விழவேண்டும். அவருக்கு வேறு வேலை தெரியாது.

அவர் ஒரு வேளைக்குத் தின்கிற சோற்றை நானும் இன்னொருத்தியும் பங்கு போட்டுக்கொள்ளலாம். சப்பாத்தி போட்டேன், வாய் வலிக்கிறது என்றார். கேழ்வரகுக் களி கிண்டினேன், உருட்டி உருட்டி நாலு உருண்டை தின்றார். அதுவும் ஆகாது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

நான் அப்போது ஆரோவிலில் ஒரு விடுதிச் சமையற்கட்டில் வேலை செய்தேன். காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது. காலை ஆறரை பஸ். அங்கே கீஷ் என்று ஒன்று செய்வார்கள். மைதா மாவைத் தட்டில் பரப்பி, முட்டை, பால், கீரை, சீஸ் எல்லாம் கலந்து அதில் ஊற்றி வேகவைப்பது. அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரருக்கும் சர்க்கரை. அவருக்கு மட்டும் மாவு இல்லாமல் செய்தார்கள். அதில் ஒரு துண்டு, பக்கத்தில் கொஞ்சம் பச்சை இலை. அதோடு எழுந்துவிடுவார்.

சமையல்காரம்மாவிடம் கேட்டேன். "இதத் தின்னா வயிறு ரொம்புமா?"

"அந்தாளுக்கு ரொம்புது. உன் வூட்டுக்காரருக்கு எப்டியோ, எனக்கு இன்னா தெரியும்?"

வீட்டில் செய்தேன். இட்லிப் பானையில் வைத்தால் தண்ணீர் விட்டுக்கொண்டது. இரண்டு நாள் வீண். பிறகு பழைய அலுமினியக் குண்டான் அடியில் இரண்டு படி கல்லுப்பைக் கொட்டிச் சூடாக்கி, மேலே தட்டை வைத்து மூடினேன். எங்கள் வீட்டில் உப்புக்கா பஞ்சம்? நாலு முட்டை, அரை டம்ளர் பால், முருங்கைக்கீரை, வெங்காயம், பச்சைமிளகாய். சீஸுக்கு எங்கே போவேன்? அது இல்லாமலே நன்றாக வந்தது. மேலே சிவந்து, கத்தி போட்டால் துண்டாக வந்தது.

"இன்னாமே இது? கேக்கா?"

"முட்டை. துன்னுங்க."

"சக்கரைக்காரனுக்கு கேக்கு குடுக்குறா பாரு."

இதைத் தெருவெல்லாம் சொன்னார். குழாயடியில் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, சுகரு இருக்கறவருக்கு கேக்கு செஞ்சி குடுக்கிறியாமே?" குடம் நிரம்பியது, தூக்கிக்கொண்டு வந்தேன்.

வெள்ளி, சனி முட்டை தொடமாட்டார். கோயில் வாசல் மிதிக்காத மனுஷன். முட்டைக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தெரியும். அந்த இரண்டு நாளும் பச்சைப்பயறு அவித்துக் கொடுத்தேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு விடுதியிலேயே சாப்பாடு. அதனால் வீட்டில் உலை வைப்பதையே விட்டேன். விடியற்காலையில் செய்து மூடி வைத்துவிட்டு பஸ் ஏறுவேன். சாயங்காலம் வந்தால் தட்டு காலி. சண்டை இல்லாமல் தின்கிறாரே என்று நிம்மதியாக இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். ஏறியிருந்தது. டாக்டர் என்னைத்தான் திட்டினார். புண் விளிம்பு கறுத்திருந்தது. மிச்சம் இரண்டு வாரம்.

மறுநாள் விடுதியில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மதியமே அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டில் அவர் தம்பி குடும்பம். அங்கே உட்கார்ந்திருந்தார். முன்னால் சோறு. குவியல். தட்டு ஓரத்தில் என் முட்டைத் துண்டு. சாம்பார் சோற்றைப் பிசைந்து, முட்டையில் ஒரு கிள்ளு கிள்ளித் தொட்டுத் தொட்டு உள்ளே தள்ளினார்.

தம்பி பெண்டாட்டி கரண்டியோடு வந்தாள். "வாக்கா. நீ பாட்டுக்கு வெறும் தொட்டுக்கறத மட்டும் வெச்சிட்டுப் போயிடற. மனுசன் எப்டி சாப்புடுவாரு? நான்தான் தெனம் சோறு போடறேன். நல்லாத்தான் செய்யற, சோத்துக்குச் சேருது."

அவள் கெட்டவள் இல்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். அதனால் திட்டவும் முடியவில்லை.

அவரை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"வெரலு வேணுமா வாணாமா உங்களுக்கு?"

"நீ வெச்சத ஒண்ணு விடாம துன்னேனே."

"அதான் சாப்பாடு. அதுக்கு மேல சோறு எதுக்கு?"

"சாப்பாடுன்னா கொழம்பு ஊத்த எடம் வேணாமா? அந்தக் கேக்கு மேல எங்க ஊத்துவ?"

உண்மையாகத்தான் கேட்டார். விளையாட்டு இல்லை. குழம்பு ஊற்றுவது சோறு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. ஐம்பது வயது வரை அப்படித்தான் தின்றிருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நான் அதைத் துண்டு போட்டு, வெள்ளைக்காரர் தட்டு மாதிரி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

அன்று சாயங்காலம் ஆறு முட்டை ஊற்றிச் செய்தேன். துண்டு போடவில்லை. கையால் உதிர்த்துத் தட்டு நடுவில் குவித்தேன். குழி பண்ணி மீன்குழம்பை ஊற்றினேன்.

பார்த்தார். பிசைந்தார். தின்றார்.

"ரசத்துக்கு?"

கொஞ்சம் உதிர்த்துப் போட்டு ரசம் ஊற்றினேன்.

"மோருக்கு?"

"முட்டைல மோரு ஊத்தினா நாறும்."

"அப்ப மோருக்கு ஒரு பிடி சோறு…"

மோரை டம்ளரில் ஊற்றி டக்கென்று வைத்தேன். குடித்தார். தம்பி பெண்டாட்டியிடம் போய், சோறு போட்டால் உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. அதுவும் நல்லதுதான்.

மாசக் கடைசியில் ஆஸ்பத்திரி. சர்க்கரை இறங்கியிருந்தது. நகம் போய்விட்டது. டாக்டர் புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். "விரல் இருக்கட்டும். இதே மாதிரி சாப்புடணும். விட்டா திரும்ப வரும்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"இன்னும் எத்தினி நாளைக்கி?"

"சாவற வரைக்கும்."

"யாரு?"

"யாரு முந்துறமோ அவங்க."

மரக்காணத்தில் இறங்கினோம். கடையில் ஒரு அட்டை முட்டை வாங்கி, அவர் கையிலேயே கொடுத்தேன்.